குறிஞ்சியில் ஒரு பொய்கை: கோடைக்கானல் ஏரி குறித்த ஒரு திணைநோக்கு

நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பொழுது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியவற்றை வரையறுத்துத் தந்தவர் நம் முன்னோர். வகுப்பறையில் அப்பட்டியலை நாம் மனப்பாடமாக ஒப்பிக்கிறோம். தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆயினும் அப்பட்டியலைக் கையிற்கொண்டு ஒரு மலைமீது நின்று, இங்கே எது உளது, எது இலது என்று ஒப்பிட்டுப் பார்த்தவர் நம்முள் சிலரே. கோடைக்கானலுக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் கல்லூரிகள் பல. குடும்பத்தோடு இரண்டு நாள் தங்கி இளைப்பாறித் திரும்பும் பெரியோரும் பலர். இரு சாராரும் தவறாது காண்பது அங்குள்ள ஏரியை. அவ்வேரியைத் திணைமரபின் துணைகொண்டு நோக்கினால் தோன்றும் சில கருத்துகளை ஈண்டுக் காண்போம்.

மலைக்கு உரிய நீர்

அகப்பொருள் இலக்கணம் நிலத்துக்கு ஏற்ப நீரையும் வகுத்துள்ளது. நாற்கவிராச நம்பி இயற்றிய நம்பியகப்பொருள் குறிஞ்சிக்கு அருவியையும் சுனையையும் உரியனவாகக் கூறுகிறது. மருதத்துக்கு ஆறு, கிணறு, பொய்கை ஆகியவற்றைக் கூறுகிறது. இது புலவர் தம் விருப்பம்போல் வகுத்துக்கொண்ட பாகுபாடன்று. மலையில் நீர் நில்லாது. பாறையிடுக்கில் ஊறும், அல்லது சரிவில் வீழும். அகன்ற பரப்பில் நீரைத் தேக்கிக் கரை கட்டி, மடை வைத்துப் பாய்ச்சுவது சமநிலத்து உழவர் தொழில். சங்கப் பாட்டில் தாமரையும் ஆம்பலும் பூத்த பொய்கையைக் கண்டால் நாம் மருதத்தில் இருக்கிறோம் என்று உடனே உணர்கிறோம்.

அவ்வாறாயின், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், 60 ஏக்கர் அளவில், விண்மீன் வடிவில் பரந்து கிடக்கும் ஒரு நீர்நிலை குறிஞ்சிக்கு எவ்வாறு வந்தது? திணை பயின்ற மாணவர் ஏரிக்கரையில் இறங்கியதும் கேட்கவேண்டிய முதல் வினா இதுவே. பெரும்பாலோர் கேட்பதில்லை. மலையோடு பிறந்ததென்றே அதனைக் கருதிவிடுகின்றனர்.

ஏரி இயற்கையன்று. 1821இல் லெப்டினன்ட் வார்டு என்னும் ஆங்கிலேய நிலஅளவையாளர் பழனி மலைகளை அளக்க வந்தார். 1845இல் மதுரையில் பணியாற்றிய அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி மலைமேல் முதல் வீடுகளைக் கட்டினர். இன்று ஏரி உள்ள இடத்தில் அன்று இருந்தது ஓடைகள் வந்து கூடிய சதுப்பு. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர் 1863இல் கரை கட்டி அவ்வோடைகளைத் தேக்கினார். மீன்குஞ்சுகளை விடுவித்தார், தூத்துக்குடியிலிருந்து முதற் படகை மேலே கொண்டுவரச் செய்தார். நெய்தல் நிலத்துப் படகு குறிஞ்சி நிலத்துக்கு ஏறிவந்த இச்செய்தி நம்மைப் புன்முறுவல் பூக்கச் செய்கிறது. 1890இல் படகுக் குழாமும் அமைந்தது.

அப்படகும், அதனோடு பியானோவும், மேசையும், நோயாளியும், துரைசானியும் எவ்வாறு மேலே வந்தனர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மலைச்சாலை வருமுன், பெரியகுளத்துக்கு அண்மையில் உள்ள கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு என்னும் இடத்திலிருந்து செங்குத்தான மலைப்பாதை ஒன்றே வழி. குதிரை ஏறத் தெரிந்தோர் குதிரையில் வந்தனர். ஏனையோர் டோலியில் வந்தனர். டோலியைத் தோளிற் சுமந்தோர் அடிவாரத்து ஏழை மக்கள். ஒருவரது இளைப்பாறுதல் இன்னொருவரது இளைப்பு ஆயிற்று. கோடைக்கானல் வரலாற்றை எழுதுவோர் வீடு கட்டியவர் பெயரைத் தவறாது குறிக்கின்றனர். தோள் கொடுத்தவர் பெயர் ஒன்றேனும் நமக்குக் கிடைக்கவில்லை.

பெயரும் பழமையும்

ஏரி புதியதாயினும் மலை புதியதன்று. புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் கடிய நெடுவேட்டுவன் என்னும் தலைவனைப் பாடியுள்ளார். அவன் கோடைமலைக்கு உரியவன். பரிசில் தர அவன் காலம் நீட்டித்தபோது, அன்பின்றித் தரும் கொடை மூவேந்தர் தரினும் வேண்டேம் என்னும் கருத்துப்படப் புலவர் பாடினார். அக்கோடைமலை இன்றைய கோடைக்கானல் மலைப்பகுதியே என்பது அறிஞர் பலர் கருத்து. கானல் என்னும் சொல்லோ சங்க இலக்கியத்தில் பெரிதும் கடற்கரைச் சோலையைச் சுட்டுவது. ஊர்ப்பெயருக்குக் கோடைக்காலக் காடு என்றும், கொடிகள் அடர்ந்த காடு என்றும், காட்டின் கோடி என்றும் பொருள் கூறுவாருளர். இவற்றுள் ஒன்றைத் துணிந்து கூறுதல் அரிது. ஆயினும் புறநானூற்றுக் கோடையை ஒதுக்கிவிட்டு வெயிற்காலத்தை மட்டும் பொருளாகக் கொள்வது பொருந்துவதாக நமக்குத் தோன்றவில்லை.

இம்மலைத்தொடரின் வடபுறத்து அடிவாரத்தில் உள்ள பழனியே பண்டைப் பொதினி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வையாவிக் கோப்பெரும் பேகன் அதற்குத் தலைவன். மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தவன் அவன். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று சமவெளியில் இருந்துகொண்டு வினவுவோர் மார்கழித் திங்கள் விடியலில் ஏரிக்கரையில் ஒரு நாழிகை நின்று பார்க்கலாம். கரைநெடுகக் கம்பளி விற்கும் கடைகளைக் காணுந்தோறும் நமக்குப் பேகன் நினைவே வருகிறது. அப்பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்திருந்தபோது கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவளுக்கு அருளுமாறு அவனை வேண்டிப் பாடினர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. பறவைக்கு இரங்கியவன் வீட்டில் இரங்கானாயினான்.

அவற்றினும் முந்திய சான்றுகள் கல்லில் உள்ளன. தாண்டிக்குடி முதலிய இடங்களில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் காணப்படுகின்றன. ஆங்கிலேட் என்னும் சேசுசபைத் துறவியும் நியூட்டன் என்பவரும் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. ஏரிக்கு வருவோருள் நூற்றில் ஒருவரேனும் கல்திட்டையைக் கண்டு திரும்புவரா என்பது ஐயமே.

திணைமயக்கம்

குறிஞ்சியில் பொய்கை அமைந்தது குற்றமா? தொல்காப்பியர் அவ்வளவு கடுமையானவர் அல்லர். திணைகள் ஒன்றோடொன்று மயங்குதலை அவர் விலக்கவில்லை. ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தில் வந்து காணப்படினும், வந்த நிலத்துக்கு உரியனவாகவே அவற்றைக் கொள்ளலாம் என்னும் கருத்தையும் அவர் கூறிச் சென்றுள்ளார். இது பரந்த உள்ளத்தின் விதி. வந்தேறியதை வந்தேறியது என்றே என்றும் ஒதுக்கி வையாத விதி.

இலக்கியத்திலும் இம்மயக்கத்துக்குச் சான்று உண்டு. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் நாட்டுப் படலம் பாடுங்கால், அரபு நாட்டு மலையில் மழை பொழிந்து, வெள்ளம் பெருகி, பல நிலங்களையும் கடந்து வயல்களில் பாய்வதாக வருணிக்கிறார். அரபு நாட்டைக் காணாதவர் பாடியது என்று இதனை எள்ளுவோர் உளர். தமிழ்க் காப்பிய மரபறிந்தோர் அவ்வாறு கூறார். தம் மக்கள் உள்ளத்தில் ஒரு நாட்டை நிறுத்த வேண்டின், அம்மக்கள் அறிந்த நீரையும் நிலத்தையும் கொண்டே நிறுத்தவேண்டும் என்பதைப் புலவர் அறிந்திருந்தார். லெவிஞ்ச் சொல்லால் செய்யாது மண்ணால் செய்தார். தம் நாட்டு ஏரியின் நினைவுக்கு ஈடாக ஒன்றைப் பழனிமலைச் சதுப்பில் அமைத்துக்கொண்டார். சொல்லால் அமைத்த மருதம் யாருடைய நிலத்தையும் மூழ்கடிப்பதில்லை. மண்ணால் அமைத்தது ஒரு சதுப்பை மூழ்கடித்தது. இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

எனினும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கே நின்று, மலையின் மழையை வாங்கி, மலையின் பனியைச் சுமந்து, மிகுந்த நீரை மலைச்சரிவுக்கே வழங்கிவரும் ஏரியை இனி வேற்றுப்பொருள் என்று கூறவியலாது. ஏரியின் மிகுநீர் மலைப்பாதையில் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் கீழே, 180 அடி உயரத்திலிருந்து வெள்ளியருவியாக வீழ்கிறது. பேருந்தில் ஏறிவருவோர் முதலில் காண்பது அவ்வருவியை. பின்னர்க் காண்பது ஏரியை. பொய்கையாகத் தேங்கிய மருத நீர் அருவியாகிக் குறிஞ்சிநீராக மீள்கிறது. தொல்காப்பியர் விதிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா?

புல்லும் மரமும்

ஆனால் வந்தன எல்லாவற்றையும் இவ்விதியால் ஏற்றுக்கொள்ள இயலுமா? இங்கேதான் நாம் சற்று நின்று ஆராய வேண்டியுள்ளது.

ஏரிக்கு நீர் தருவது எது? மழை என்று விடையிறுப்போம். மழை சில திங்கள் பெய்து நிற்கும். ஓடையோ மழை நின்ற பின்னும் ஓடுகிறது. அதற்குக் காரணம் மலையின் மேற்பரப்பில் உள்ள புல்வெளியும் சோலையுமாகும். பள்ளத்தாக்கின் மடிப்புகளில் குட்டையான, பாசி படர்ந்த, இலை நெருங்கிய காடுகள். அவற்றைச் சூழ்ந்த மேடுகளில் புல்வெளிகள். பெய்த நீரைப் புல்லின் வேரும் சோலையின் மட்கிய சருகும் பஞ்சுபோல் வாங்கி வைத்துச் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. சுனை என்று நம் புலவர் பாடியது இக்கசிவையே. சோலை என்னும் தமிழ்ச்சொல்லை ஆங்கிலேயரும் அவ்வாறே எடுத்துக்கொண்டு, உலகத் தாவரநூலார் அனைவரும் இன்று இக்காட்டை 'ஷோலா' என்றே வழங்குகின்றனர். சொல்லை உலகுக்குத் தந்த நாம் பொருளைக் காத்தோமா என்பதே வினா.

புல்வெளியை வெற்றுநிலம் என்று கருதியது ஆங்கிலேயர் காலத்து வனத்துறை. விடுதலைக்குப் பின்னரும் அக்கருத்து மாறவில்லை. விறகுக்கும் காகிதக்கூழுக்கும் தைலமரமும், தோல் பதனிடும் பட்டைக்கு வாட்டில் மரமும், அவற்றோடு பைன் மரமும் புல்வெளிகளில் நடப்பட்டன. தைலமரமும் வாட்டிலும் ஆஸ்திரேலிய நாட்டு மரங்கள். அடிவாரத்தில் உள்ள திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். நம் சமுதாயப் பெரியோருள் தோல் வணிகம் செய்து கல்விக்கூடங்களுக்கு வாரி வழங்கியோர் பலர்; வாட்டில் பட்டையின் பயனை அவர்கள் நமக்கு எடுத்துரைக்க இயலும். மரம் நட்டவர் தீமை கருதி நட்டாரல்லர். ஆயின் வாட்டில் நட்ட இடத்தோடு நிற்கவில்லை; விதை பரப்பித் தானே புல்வெளிக்குள் நடந்து சென்றது. 1973 முதல் 2014 வரை எடுக்கப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வொன்று, பழனிமலைப் புல்வெளி அந்நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு சுருங்கியதாகக் காட்டுகிறது. 2013இல் இப்பகுதி வனவுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது.

தொல்காப்பியர் கூறிய பூவும் புள்ளும் வந்து தங்குவன. இருந்ததைப் பெயர்த்தெறிவன அல்ல. வந்த நிலத்தின் பயனாகக் கொள்ளுதற்கு, வந்தது அந்நிலத்தை அந்நிலமாகவே இருக்கவிடல் வேண்டும். இவ்வளவுகோலால் அளந்தால் ஏரி குறிஞ்சியின் பொருளாகிவிட்டது, வாட்டில் ஆகவில்லை. ஏரிக்கரையில் நின்று எதிர்ச்சரிவைப் பார்த்து, என்ன பசுமை என்று வியக்கிறோம். அப்பசுமையுள் எது சோலை, எது தோட்டமரம் என்று பிரித்தறியும் கண் நமக்கு வேண்டும்.

வந்தவற்றுள் மிகக் கொடியது கண்ணுக்குத் தோன்றாதது. 1980களில் கோடைக்கானலில் வெப்பமானி செய்யும் தொழிற்சாலை ஒன்று இயங்கத் தொடங்கியது. அதன் பாதரசக் கழிவு வெளியே சென்றது தெரிந்து மக்கள் கிளர்ந்தெழுந்ததன் பயனாக 2001இல் அது மூடப்பட்டது. ஏரியின் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதைப் பின்னர் ஆய்வாளர் கண்டறிந்து வெளியிட்டனர். அங்கே பணியாற்றிய 591 பேருக்கும் நிறுவனத்துக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது 2016இல். அதாவது மூடிய பதினைந்து ஆண்டுகளுக்குப் பின். நீர் தெளிவாக இருக்கிறது என்பதனால் தூயது என்று கொள்ளலாகாது என்பதற்கு இவ்வேரியே சான்று.

மக்களும் உணவும்

குறிஞ்சித் தொழில்களாக இலக்கணம் கூறுவன தேன் எடுத்தல், கிழங்கு அகழ்தல், தினை விதைத்தல், தினைப்புனம் காத்தல் முதலியன. முதலிரண்டும் இன்றும் இம்மலையில் உள்ளன. கொடியேணி கட்டிப் பாறையில் இறங்கித் தேனெடுப்பதிலும், காட்டு வள்ளிக்கிழங்கு அகழ்வதிலும் வல்லவர் பளியர். சங்கப் பாட்டைப் படித்த நாம் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை மிகுதி. தினைப்புனத்தைக் காண்பதோ அரிது. ஏரியிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில் உள்ள பூம்பாறைக்குச் சென்றால், மலைச்சரிவைப் படிபடியாக வெட்டி அமைத்த வயல்களில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும் விளைவதைக் காணலாம். கோடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. உருளையும் கேரட்டும் வந்தேறிகளே. ஆயினும் உழவர் கையில் அவை ஊர்ப்பொருளாகிவிட்டன. பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில் உள்ளது. ஏரிக்கு அணித்தாக உள்ள குறிஞ்சியாண்டவர் கோயில், இந்து சமயம் தழுவிய ஐரோப்பிய மரபினரான அம்மையார் ஒருவரால் 1936இல் அமைக்கப்பட்டது. சேயோன் மலைக்குரிய தெய்வம் என்னும் இலக்கணம் பிறநாட்டவர் கைவழியாகவும் நிலைபெற்றது வியப்பே.

இளைப்பாறுதல்

இளைப்பாறுதலுக்கும் குறிஞ்சியில் மரபு உண்டு. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பரண்மீதிருந்து கிளி கடிகின்றனர். பணி முடிந்தபின் அருவியில் ஆடி, மலர் பறித்துப் பாறைமீது குவிக்கின்றனர். அங்கே கபிலர் அடுக்கிக் கூறும் மலர்கள் தொண்ணூற்றொன்பது. பொழுதுபோக்கு என்பது பெயர் தெரிந்து பார்த்தலாக இருந்தது. இன்றோ ஏரிக்கு வந்தவர் மிதிபடகில் அரைமணி, குதிரையில் கால்மணி, சோளக்கதிர் ஒன்று, படம் பத்து என்று பொழுதைக் கழித்துத் திரும்புகின்றனர். அதனை நாம் குறைகூறவில்லை. குழந்தைகளுக்கு அது பெருமகிழ்ச்சி. மாணவருக்கு மட்டும் ஒன்று கூறுவோம். ஏரியைச் சுற்றியுள்ள சாலை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். விடியலில், கடைகள் திறக்குமுன், கூச்சலின்றி நடந்தால் ஒன்றரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். கபிலரின் மலர்ப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் இன்னும் நன்று. எத்தனை மலர் கிடைத்தன என்பதைவிட எத்தனை கிடைக்கவில்லை என்பது நல்ல கட்டுரைப் பொருளாகும்.

செல்லவேண்டிய காலத்தையும் இலக்கணமே கூறிவைத்துள்ளது. குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். அதாவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. நாம் செல்வதோ சித்திரையிலும் வைகாசியிலும். அக்காலத்தில் ஓடைகள் மெலிந்து, அருவி நூலாகி, சாலை முழுவதும் ஊர்திகள் நிரம்பி நிற்கும். நெரிசல் மிகுந்தமையால் சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் முதல் வெளியூர் ஊர்திகளுக்கு மின்னணு அனுமதிச்சீட்டு முறை கொண்டுவரப்பட்டது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கார்த்திகை இறுதியில் சென்றால் ஏரி நிறைந்திருக்கும், பனி நீர்மேல் தவழும், அருவி முழங்கும். அப்போதுதான் நாம் பாடத்தில் படித்த குறிஞ்சியைக் காண்கிறோம். நேரமிருப்போர் வனத்துறை அனுமதி பெற்றுப் பேரிஜம் ஏரிக்கும் செல்லலாம்; பெரியகுளத்து மக்கள் பருகும் நீர் அங்கிருந்து செல்கிறது என்பதறிந்து, கரையில் ஒரு காகிதமும் போடாது திரும்புதல் நன்று.

குறிஞ்சிப்பூவுக்கு மட்டும் இக்காலக்கணக்கு பொருந்தாது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இம்மலையில் 2006இலும் 2018இலும் பூத்தது. மலைவாழ் மக்கள் அப்பூப்பைக்கொண்டு தம் அகவையைக் கணக்கிட்டனர் என்பர். அது பூப்பது சோலைக்குள் அன்று. வாட்டில் இன்னும் மூடாத திறந்த புல்வெளிச் சரிவுகளில். அடுத்த பூப்பு 2030இல் வரவேண்டும். அவ்வாண்டுச் சுற்றுலாவை மே விடுமுறையில் வைக்காது ஆவணி, புரட்டாசியில் வைத்துக்கொள்ளுமாறு துறைத்தலைவரிடம் இப்போதே சொல்லிவைப்பது நல்லது.